அரேபிய உணவகமும் விருந்து மரபும்

அரேபியத் தீபகற்பத்தில் உணவகம் புதியது, விருந்து பழையது. காசு கொடுத்து வெளியே சாப்பிடும் பழக்கம் அங்குள்ள பெரும்பாலான ஊர்களில் பரவியது எண்ணெய் வருமானம் வந்த பிறகுதான். அதற்கு முன் வழிப்போக்கர் பசியாறிய இடம் யாரோ ஒருவருடைய கூடாரம் அல்லது வீடு. திரையிட்ட அறை, தரையில் கம்பளம், நாலு பேருக்கு ஒரே தாம்பாளம், பில்லுக்காக நண்பர்கள் போடும் சண்டை என இன்றைய ரியாத், மஸ்கட், தோஹா உணவகங்களில் வெளிநாட்டவருக்குப் புதிராகப்படும் பல ஏற்பாடுகள், வீட்டு விருந்தின் விதிகள் கடைக்குக் குடிபெயர்ந்ததால் வந்தவை.

இங்கே அரேபியா என்பது சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், கத்தார், பஹ்ரைன், குவைத், ஏமன் ஆகிய ஏழு நாடுகளையும் குறிக்கும். இந்த நாடுகளில் வெளிநாட்டவர் கவனிக்க வேண்டிய விதிகள் இரண்டு வகைப்படும். ஒன்று, அரசு எழுதிய சட்டம். மற்றொன்று, எங்கும் எழுதப்படாத வழக்கம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, கடந்த சில ஆண்டுகளில் வேகமாகவும் மாறியிருக்கிறது. வழக்கமோ ஏழு நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது, மெதுவாகவே மாறுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பயணிகளுக்குப் பெரும்பாலான தடுமாற்றங்கள் வருகின்றன.

பாலையின் கடமை

நீரும் நிழலும் அரிதான நிலத்தில் அயலாருக்குச் சோறிடுவது தயவாக அல்ல, கடமையாகவே கருதப்பட்டது. இன்று விருந்தளிப்பவர் நாளை வழி தவறி வேறொருவர் கூடாரத்தின் முன் நிற்கக்கூடும். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்று உடனே கேட்பது முறையல்ல என்பது பதூயின் நாடோடிகளின் வழக்கம். விருந்தினரின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் அளிப்பது தர்மம் என்று நபிமொழியும் சொல்கிறது. இஸ்லாத்துக்கு முன்பிருந்த மரபை மார்க்கம் ஏற்று வரையறுத்த இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த மரபின் முன்மாதிரியாக அரபு உலகம் முழுவதும் போற்றப்படுபவர் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹாத்திம் தாயீ. இன்றைய சவூதியின் ஹாயில் பகுதியில் வாழ்ந்த தய் குலத்தவர். பேர்பெற்ற அவருடைய குதிரையைக் கேட்டு வாங்கிவர ஓர் அரசர் தூதரை அனுப்புகிறார். தூதர் இரவில் வந்து சேர்கிறார். வீட்டில் வேறு எதுவும் இல்லாததால் ஹாத்திம் அந்தக் குதிரையையே அறுத்து விருந்து வைக்கிறார். தூதர் வந்த காரணம் மறுநாள்தான் அவருக்குத் தெரிகிறது. இந்தக் கதை உண்மையா புனைவா என்பதைவிட, பல நூற்றாண்டுகளாகக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டு வருவது முக்கியம்.

வழக்கம் வெறும் கதையாக இருந்துவிடவில்லை. 1945 முதல் 1950 வரை ரூப் அல் காலி எனப்படும் பெரும் மணற்பாலையில் பயணம் செய்த ஆங்கிலேயர் வில்ஃபிரட் தெசிகர், 1959-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பல நாள் அரைப்பட்டினிக்குப் பிறகு அவருடைய அரபுத் தோழர்கள் ஒரு முயலைச் சமைக்கிறார்கள். சாப்பிட உட்காரும் நேரத்தில் அயலார் சிலர் வந்து சேர்கிறார்கள். தோழர்கள் கறி முழுவதையும் வந்தவர்களுக்கே கொடுத்து, தங்களுக்குப் பசியில்லை என்று சாதிக்கிறார்கள்.

கடைச் சாப்பாடு முற்றிலும் இல்லாமலும் இல்லை. ஹஜ் பயணிகள் வந்து குவியும் மக்கா, மதீனா நகரங்களிலும் ஜித்தா, மோக்கா, மஸ்கட் போன்ற துறைமுகங்களிலும் சமைத்த உணவும் காபியும் விலைக்குக் கிடைத்தன. 1511-இலேயே மக்காவின் அதிகாரி காயிர் பே காபி குடிக்கத் தடை விதித்தார். காபிக்கடைகளில் கூடிப் பேசுவோர் மீதான சந்தேகமே அதன் பின்னணி. தடை நெடுநாள் நிலைக்கவில்லை. 1814-இல் ஜித்தாவுக்கு வந்த ஸ்விட்சர்லாந்துப் பயணி யோஹான் லுட்விக் புர்க்ஹார்ட் அந்த ஊரின் கடைகளை வகைவாரியாக எண்ணி எழுதியிருக்கிறார். அதில் காபிக்கடைகள் மட்டும் 27. ஆனால் இவை யாத்திரிகருக்கும் மாலுமிக்கும் வணிகருக்கும் உரிய இடங்கள். உள்நாட்டு நஜ்துப் பகுதியில் உள்ளூர்க் குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடுவது மிக அண்மைக்காலப் பழக்கம்.

கஹ்வா: விருந்தின் முதல் படி

அரேபிய உபசாரம் கஹ்வா எனப்படும் காபியில் தொடங்குகிறது. கொட்டையை மிக இளம்பதமாக வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து, ஏலக்காய் சேர்ப்பார்கள். ஊருக்கு ஏற்பக் குங்குமப்பூவோ கிராம்போ சேரும். வளைகுடாவிலும் நஜ்திலும் இது வெளிர் மஞ்சளாகவும், வடக்கே போகப்போகக் கருமையாகவும் இருக்கும். பாலும் சர்க்கரையும் கிடையாது. கசப்புக்கு ஈடாகப் பேரீச்சம்பழம் தட்டில் வரும்; ஓமானில் அதோடு ஹல்வாவும் உண்டு.

பரிமாறும் முறைக்கு நுணுக்கமான ஒழுங்கு இருக்கிறது. தல்லா எனப்படும் நீண்ட மூக்குடைய பாத்திரத்தை இடக்கையிலும், ஃபின்ஜான் எனப்படும் பிடியில்லாத சிறு கிண்ணங்களை வலக்கையிலும் பிடித்துக்கொண்டு பரிமாறுபவர் நின்றபடியே ஊற்றுவார். முதல் கிண்ணம் முக்கிய விருந்தினருக்கு அல்லது வயதில் மூத்தவருக்கு. கிண்ணத்தின் கால்பங்கு அளவே ஊற்றுவது மரியாதை. விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பொருள்பட்டுவிடும். விருந்தினர் வலக்கையால் வாங்க வேண்டும். குறைந்தது ஒரு கிண்ணமாவது குடிப்பதும், மூன்றுக்கு மேல் போகாமல் இருப்பதும் முறை. கிண்ணத்தை வெறுமனே திருப்பி நீட்டினால் மீண்டும் ஊற்றுவார்கள். போதும் என்பதற்கு அடையாளம், காலிக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொடுப்பது. இந்தச் சைகை தெரியாத வெளிநாட்டவர் நாலாவது, ஐந்தாவது கிண்ணம் வரை மறுக்க வழியில்லாமல் குடித்துக்கொண்டிருப்பது வளைகுடா அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் வேடிக்கை.

கிண்ணத்துக்கு இன்னொரு பேச்சும் உண்டு. பதூயின் மரபில் ஒரு கோரிக்கையோடு வந்தவர், ஊற்றிய காபியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். வீட்டுக்காரர் அதைக் கவனித்து, வந்த காரியத்தைக் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகுதான் குடிப்பார். பெண் கேட்டு வரும்போதும், குலப்பகை தீர்க்க வரும்போதும் இந்த முறை கையாளப்பட்டது. ஆகவே காரணமின்றிக் காபியைத் தொடாமல் வைத்திருப்பது இன்றும் பெரியவர்கள் கண்ணில் படும். காபி ஒத்துக்கொள்ளாதவர் வாங்கி ஒரு மிடறு அருந்திவிட்டு ஆட்டிக் கொடுத்துவிடுவது நல்லது.

அரபுக் காபியையும், அது பரிமாறப்படும் மஜ்லிஸ் என்ற கூடத்தையும் யுனெஸ்கோ 2015-இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் விண்ணப்பித்தவை அமீரகம், சவூதி, ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகள். சவூதி அரசு 2022-ஐச் சவூதிக் காபி ஆண்டாகக் கொண்டாடியதோடு, உணவகங்களும் காபிக்கடைகளும் அரபுக் காபி என்பதற்குப் பதிலாகச் சவூதிக் காபி என்றே குறிப்பிட வேண்டும் என்றும் அறிவித்தது.

தாம்பாளத்தில் என்ன இருக்கிறது

மதிய விருந்தின் மையம் சோறும் கறியும். நெல் அரிதாகவே விளையும் நிலத்துக்கு அரிசி கடல்வழியே இந்தியாவிலிருந்து வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஓமானின் தோஃபார்க் கரைக்குப் போன இப்னு பதூதா, அங்குள்ளோரின் முக்கிய உணவு இந்தியாவிலிருந்து வரும் அரிசி என்று எழுதியிருக்கிறார். அங்கே தென்னையும் வெற்றிலைக்கொடியும் வளர்வதையும் விவரித்திருக்கிறார். இன்றும் வளைகுடா விருந்துகளில் பெரும்பாலும் வேகும் அரிசி இந்திய, பாகிஸ்தானிய பாசுமதிதான்.

சமைக்கும் முறையில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது. சவூதியில் கப்சா: கறியை வேகவைத்த சாற்றிலேயே அரிசியையும் மசாலாவையும் சேர்த்து வேகவைப்பது. குவைத், பஹ்ரைன், கத்தார், அமீரகத்தில் இதன் உறவினர் மச்பூஸ். லூமி எனப்படும் உலர்ந்த எலுமிச்சையின் புளிப்பு இதற்குத் தனி மணம் தரும். மீன், இறால் மச்பூஸும் உண்டு. ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து பரவியது மண்டி. தரையில் தோண்டிப் பூசிய ஆழமான அடுப்பில் விறகைக் கனலாக்கி, அடியில் அரிசிப் பாத்திரத்தை வைத்து, அதற்கு மேல் இறைச்சியைத் தொங்கவிட்டோ கம்பித்தட்டில் அடுக்கியோ வாயைக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். மேலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் சோற்றில் இறங்கும். ஓமானில் பெருநாளுக்குச் செய்யும் ஷுவா இதைவிடப் பொறுமையானது. மசாலா பூசிய இறைச்சியை இலையில் பொதிந்து, ஊருக்குப் பொதுவான குழியில் இறக்கி மூடி, ஒருநாளோ இரண்டு நாளோ கழித்து எடுப்பார்கள்.

அரிசிக்கு முன்பிருந்த கோதுமை உணவுகளும் விருந்தில் மதிப்போடு நிற்கின்றன. கோதுமையையும் இறைச்சியையும் குழையக் கடைந்த ஹரீஸ் 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உடைத்த கோதுமையில் செய்யும் ஜரீஷைச் சவூதி அதே ஆண்டு தேசிய உணவாக அறிவித்தது. ஏமனில் மதிய உணவின் நாயகம் சல்தா. கொதிக்கும் கல்சட்டியில் கறிக்குழம்பு வரும்; அதன் மேல் நுரைக்க அடித்த வெந்தயம் ஊற்றியிருக்கும். ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

மக்காவும் மதீனாவும் ஜித்தாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியின் சமையலில் யாத்திரிகர்களின் தடம் தெளிவாகத் தெரிகிறது. மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர்கள் விட்டுச்சென்ற புகாரிச் சோறு, ஆப்கானியர் சுடும் தமீஸ் ரொட்டி, அதற்குத் துணையாக எகிப்தின் ஃபூல் என்னும் மொச்சைக் கூட்டு ஆகியவை ஜித்தாவின் காலை, மாலைச் சாப்பாடு ஆகிவிட்டன. பாலில் வேகவைத்த சலீக் சோறு தாயிஃப் நகரத்துக்குப் பேர்போனது. 1974-இல் ஜித்தாவில் தொடங்கிய அல்பைக் என்ற பொரித்த கோழிக்கடை, உள்ளூரிலேயே பிறந்து பன்னாட்டுக் கடைகளுக்குச் சவால்விடும் நிலைக்கு வளர்ந்தது. அமீரகத்திலும் கத்தாரிலும் காருக்கே கொண்டுவந்து தரும் கரக் தேநீர், இந்தியத் துணைக்கண்டத்துத் தொழிலாளர்கள் கொண்டுவந்த கொடை.

சைவ உணவுக்காரர் கவனிக்க வேண்டிய செய்தி, கப்சாவிலும் மண்டியிலும் கறியை ஒதுக்கிவிட்டாலும் சோறு சைவமாகாது என்பது. அது வெந்ததே கறிச்சாற்றில். ஹம்முஸ், ஃபலாஃபில், ஃபூல், பருப்பு சூப் ஆகியவை எங்கும் கிடைக்கும். சூப் கறிச்சாற்றில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்திய உணவகங்களுக்கும் பெருநகரங்களில் குறைவில்லை. தமிழ்நாட்டின் சரவண பவன் 2000-இல் தன் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறந்தது துபாயில்தான்.

சுஃப்ராவைச் சுற்றி

வீட்டு விருந்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மஜ்லிஸில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாகக் கைகொடுத்து ஸலாம் சொல்ல வேண்டும். உள்ளே வருபவருக்காக மற்றவர்கள் எழுந்து நிற்பது வழக்கம். எதிர்ப்பாலினத்தவர் என்றால் அவர் கை நீட்டும்வரை காத்திருப்பதே சரி. நீட்டாவிட்டால் நெஞ்சில் கைவைத்து வணங்கினால் போதும். உடல்நலம், குடும்பம், பயணம் என்று விசாரிப்பு நீளும். பொதுவாகக் குடும்பத்தார் நலமா என்று கேட்கலாம். ஓர் ஆணிடம் அவருடைய மனைவியைக் குறிப்பிட்டு விசாரிப்பதைப் பலரும் விரும்புவதில்லை. வீட்டிலிருக்கும் பொருளை அளவுக்கு மீறிப் புகழ்வதும் ஆகாது. அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடும் கட்டாயத்துக்கு வீட்டுக்காரர் ஆளாவார்.

தரையில் விரித்த சுஃப்ரா என்னும் விரிப்பில் பெரிய தாம்பாளம் வரும். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, வலக்கையால், தமக்கு நேரேயுள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது அநாகரிகம். ஆனால் நல்ல கறித்துண்டைப் பிய்த்து விருந்தினர் பக்கம் நகர்த்துவது வீட்டுக்காரரின் கடமை. உள்ளங்கால் எதிரே இருப்பவரைப் பார்க்காதபடி காலை மடக்கிக்கொள்ள வேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிப்பார்கள். ஒரே தாம்பாளத்தில் சேர்ந்துண்ணும் இந்த முறை தமிழருக்கு அந்நியமும் அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் முஸ்லிம் ஊர்களில் நடக்கும் சஹன் சாப்பாடு இதே மரபின் கடல்கடந்த கிளை.

கையால் சாப்பிட்டுப் பழகியவருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. சோற்றைக் குழம்போடு பிசைந்து அள்ளுவதில்லை. உதிரிச் சோற்றோடு ஒரு துணுக்குக் கறியைச் சேர்த்து உள்ளங்கைக்குள் இறுக்கி உருட்டிக் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவார்கள். வராதவர்கள் கரண்டி கேட்கலாம். பெரும்பாலும் கேட்பதற்கு முன்பே வந்துவிடும்.

இன்னும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதும், விருந்தினர் மறுப்பதும், பிறகு கொஞ்சம் ஏற்றுக்கொள்வதும் உபசாரத்தின் ஒரு பகுதி. முதல் அழைப்பிலேயே பாய்ந்து ஏற்பதும் கடைசிவரை பிடிவாதமாக மறுப்பதும் இரண்டும் தவறு. சாப்பாடு முடிந்ததும் கைகழுவி, தேநீரோ கஹ்வாவோ அருந்திய பிறகு சாம்பிராணித் தட்டுப் போல ஓர் அகில்புகைக் கலம் சுற்றிவரும். ஆடையிலும் தலைத்துணியிலும் புகையைப் பிடித்துக்கொள்வார்கள். அகிலுக்குப் பின் அமர்வில்லை என்று அரபுப் பழமொழியே இருக்கிறது. விருந்தினர் விடைபெற வேண்டிய நேரம் அது.

அளவுக்கு மீறிப் படைப்பது கௌரவம் என்ற எண்ணத்துக்கு மறுபக்கமும் உண்டு. சவூதியில் உணவில் மூன்றில் ஒரு பங்கு வீணாவதாக அரசின் தானிய அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. எஞ்சிய விருந்துணவைச் சேகரித்துப் பொட்டலமாக்கி ஏழைகளுக்கு வழங்கும் தொண்டமைப்புகள் அங்கே வளர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

கடைக்குள் வந்த வீடு

ஒரு சவூதி மண்டிக்கடையின் நடைமுறையைப் பார்த்தால் வீட்டின் சாயல் விளங்கும். கல்லாவில் முதலில் கேட்கப்படும் கேள்வி, மஹல்லியா சஃபரியா என்பது. இங்கேயே சாப்பிடுவது மஹல்லி, பார்சல் சஃபரி. கோழி என்றால் முழுசு, அரை, கால் என்று கேட்க வேண்டும். ஆட்டுக்கறி என்றால் நஃபர் கணக்கு: ஒரு நஃபர் என்பது ஓர் ஆளுக்கான பங்கு, அதற்குரிய சோறும் சேர்த்து. அடுப்புக்குழியில் வெந்த மண்டியா, சுடுகல்லில் வாட்டிய மத்பியா, அழுத்தக்கலனில் வேகவைத்த மத்கூத்தா என்பது அடுத்த கேள்வி. பிறகு கம்பளமும் சாய்மெத்தைகளும் போட்ட சிறு தடுப்பறைக்குள் அனுப்புவார்கள். பணியாள் ஒரு மெல்லிய நெகிழித்தாளை விரித்து, அதன் நடுவே தாம்பாளத்தையும் சுற்றிலும் தக்காளி மிளகாய்த் துவையல், வெங்காயம், எலுமிச்சை, மோர் ஆகியவற்றையும் வைத்துவிட்டுக் கதவையோ திரையையோ மூடிவிட்டுப் போவார். முடிந்ததும் எலும்பு, மிச்சத்தோடு அந்தத் தாளையே சுருட்டி எடுத்துவிடுவார்கள். வெளியே வரிசையாகக் கைகழுவும் தொட்டிகள் இருக்கும்.

தடுப்பறை ஏன் என்பதற்கு விடை குடும்பத்தின் அந்தரங்கம். வீட்டில் ஆண் விருந்தினருக்கு மஜ்லிஸும், பெண்களுக்குத் தனிப்பகுதியும் இருப்பதுபோல, உணவகத்திலும் முகத்திரையை விலக்கி நிம்மதியாகச் சாப்பிட இடம் வேண்டியிருந்தது. சவூதியில் இது சட்டமாகவே இருந்தது. தனியாக வரும் ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் இன்னொரு வாசல். 2019 டிசம்பரில் நகராட்சித் துறை அமைச்சகம் தனி வாசல் கட்டாயமில்லை என்று அறிவித்தது. சட்டம் போனபின்னும் பல உள்ளூர்க் கடைகள் குடும்பப் பகுதியை வைத்திருக்கின்றன, வாடிக்கையாளர்கள் விரும்புவதால். ஓமானில் அப்படியொரு சட்டம் இல்லாமலேயே திரையிட்ட குடும்ப அறைகள் எங்கும் உண்டு. தனியாக வரும் ஆண் குடும்பப் பகுதிக்குள் நுழையாமல் கல்லாவில் கேட்டுவிட்டு உட்காருவதே இப்போதும் நல்ல பழக்கம்.

நேரமும் மாறுபட்டது. மதிய உணவு ஒரு மணிக்குப் பிறகு, இரவு உணவு ஒன்பது, பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் குடும்பம் கூடும் பெரிய சாப்பாடு. சவூதி 2013-இல் வாரவிடுமுறையை வெள்ளி, சனி என மாற்றியது. அமீரகம் 2022 ஜனவரியில் வெள்ளி அரைநாளும் சனி, ஞாயிறும் என மாற்றிக்கொண்டது. சவூதியில் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் கடைகளைப் பூட்டும் விதி பல்லாண்டு இருந்தது. பாங்கு சொன்னதும் உள்ளே இருப்பவர்களை வைத்தே கதவை இறக்கிவிடுவார்கள். 2021 ஜூலையில் வணிகச் சங்கங்களின் கூட்டமைப்பு தொழுகை நேரத்திலும் கடைகள் திறந்திருக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டது. இன்று மூடுவது கடைக்காரரின் விருப்பம்.

பில் வரும்போது விருந்து மரபு மீண்டும் தலைகாட்டும். அழைத்தவரே கொடுப்பார். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது அரபு நண்பர்களிடையே கஞ்சத்தனமாகத் தோன்றும். கைகழுவப் போவதுபோல் எழுந்துபோய்க் கல்லாவில் முன்னதாகவே பணத்தைக் கட்டிவிடுவது பழகிய உத்தி. விருந்தினர் ஒருமுறை வாதாடிவிட்டு விட்டுக்கொடுத்து, அடுத்தமுறை தாம் அழைக்க வேண்டும். மதிப்புக்கூட்டு வரி சவூதியில் 15 சதவீதம், பஹ்ரைனில் 10, அமீரகத்திலும் ஓமானிலும் 5. பரிமாறுபவருக்கு டிப்ஸ் கட்டாயமில்லை. ஆனால் வளைகுடா உணவகங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பிலிப்பைன்ஸ், எகிப்து, ஏமன் நாடுகளிலிருந்து குறைந்த ஊதியத்துக்கு வந்தவர்கள். சில்லறையை விட்டுவருவது வழக்கம்.

நோன்பு மாதம்

ரமளானில் உணவகங்களின் பகலும் இரவும் இடம் மாறுகின்றன. சந்திர நாட்காட்டிப்படி இம்மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னேறி வருவதால், பயணத் தேதி குறிக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் புகைப்பதும், பயணி எந்த மதத்தவராக இருந்தாலும், தவிர்க்க வேண்டியவை. குவைத்தில் 1968-இன் 44-ஆம் எண் சட்டப்படி இது குற்றம். தண்டனை 100 தினார் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுகோடியில், 2021-இல் துபாய் பகலில் உணவு பரிமாறும் கடைகள் திரை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. சவூதியில் உணவகங்கள் பகலில் மூடியே இருக்கும். தங்கும் விடுதி அறையில் சாப்பிடத் தடையில்லை.

சூரியன் மறைந்ததும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மோரும் கொண்டு நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, பிறகு சூப், சம்பூசா, ஹரீஸ், லுகைமாத் என்னும் தேன்பாகு உருண்டை என்று இஃப்தார் விரியும். இங்கிலாந்தில் பிறந்த விம்டோ என்ற திராட்சைநிறப் பானம் வளைகுடா நோன்பின் அடையாளமாகிவிட்டது. 1979 முதல் சவூதியிலேயே தயாராகிறது. மதீனாப் பள்ளிவாசலில் நீண்ட சுஃப்ராக்களை விரித்து, கடந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைக்கும் வழக்கம் உண்டு. அபுதாபியின் ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு மத வேறுபாடின்றி இஃப்தார் வழங்கப்படுகிறது. இஃப்தார் அழைப்பு கிடைத்தால் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாப்பாடு யாருக்காகவும் காத்திருக்காது.

சட்டத்தின் எல்லைகள்

மது விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகுதி. சவூதியில் 1952 முதல் தடை. 2024-இல் ரியாதில் திறந்த கடை முஸ்லிம் அல்லாத தூதரக அலுவலர்களுக்கென்று தொடங்கப்பட்டது. குவைத்திலும் தடை. அமீரகத்துக்குள்ளேயே ஷார்ஜாவில் முற்றிலும் தடை. துபாயிலும் அபுதாபியிலும் உரிமம் பெற்ற இடங்களில், 21 வயது நிறைந்தவர்களுக்கு அனுமதி. துபாய் மதுவுக்கான 30 சதவீத வரியை 2023 ஜனவரியில் நிறுத்தி, 2025 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தது. ஓமானிலும் கத்தாரிலும் உரிமம் பெற்ற விடுதிகளில் கிடைக்கும். பஹ்ரைனில் இன்னும் தாராளம். எங்கேயும் தெருவில் குடித்துத் தள்ளாடுவதும் குடித்து வண்டி ஓட்டுவதும் கடும் குற்றம். பன்றியிறைச்சி சவூதியிலும் குவைத்திலும் சட்டவிரோதம். அமீரகத்தில் சில பேரங்காடிகளின் தனிப்பகுதியில் விற்கப்படுகிறது.

இந்தியப் பயணிகள் பெட்டியில் கவனிக்க வேண்டிய பொருள் கசகசா. தமிழ்ச் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா, அமீரகத்திலும் சவூதியிலும் போதைச்செடியின் விதையாகக் கருதப்படுகிறது. கொண்டுபோனவர்கள் கைதாகியிருக்கிறார்கள். வெற்றிலையும் அமீரகச் சுங்கத்துறையின் தடைப்பட்டியலில் இருக்கிறது.

சவூதி 2019 செப்டம்பரில் முதன்முறையாக 49 நாட்டவருக்குச் சுற்றுலா விசாவை எளிதாக்கியபோது, இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அப்போதே பொது ஒழுங்கு விதிகளும் நடைமுறைக்கு வந்தன: 19 மீறல்கள், 50 ரியால் முதல் 6,000 ரியால் வரை அபராதம். அநாகரிக உடை, வரிசை தாண்டுதல், குப்பை போடுதல், தொழுகை நேரத்தில் பாட்டு வைத்தல், அனுமதியின்றிப் பிறரைப் படமெடுத்தல் ஆகியவை அதில் அடங்கும். வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா என்னும் நீண்ட மேலங்கி கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மறையும் தளர்வான உடை போதும். உணவகத்தில் தட்டைப் படமெடுக்கும்போது பின்னால் இருக்கும் குடும்பம் விழாமல் பார்த்துக்கொள்வது அபராதத்துக்காக மட்டுமல்ல. அங்கே அது பெரிய அவமதிப்பு.

தடைகள், வரிகள், கடைநேரம், விசா ஆகியவை ஓராண்டுக்குள் மாறக்கூடியவை. பழைய வழிகாட்டி நூலையோ நண்பரின் பழைய அனுபவத்தையோ நம்பாமல், புறப்படும் முன் அந்தந்த நாட்டு அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே சரி. வலக்கை, கிண்ணத்தை ஆட்டுவது, தாம்பாளத்தில் தன் பக்கம், பெண்களின் அந்தரங்கம், திருப்பி அழைக்கும் கடன் ஆகியவற்றுக்கு அறிவிப்புப் பலகை இருக்காது. அவற்றில் வெளிநாட்டவர் தவறினால் பெரும்பாலும் யாரும் கண்டிப்பதுமில்லை, ஏனெனில் விருந்தினரைத் திருத்துவது விருந்து மரபுக்கே எதிரானது. பக்கத்தில் இருக்கும் மூத்தவர் என்ன செய்கிறாரோ அதைப் பார்த்துச் செய்வதுதான் வந்தவர் கைக்கொள்ளக்கூடிய ஒரே பாடம்.